காத்து கருப்பு ஊரில் நாலு நாள்: வட ஆற்காட்டுக்குக் கதை தேடி வருகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"அண்ணா, வேலூர்ல நெஜமாவே பேய் இருக்கற பங்களா எதுனா இருந்தா சொல்லுணா, சனி ஞாயிறு வந்து பாத்துட்டுப் போறோம்."

சென்னையில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் வருடத்துக்கு ஒரு முறையாவது இப்படிப் போன் செய்வான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துப் பேய்க்குப் பங்களா கிடையாது. புளியமரம் உண்டு, ஏரிக்கரை உண்டு, மயானம் உண்டு, எல்லாவற்றுக்கும் மேல் தேதி உண்டு. மாசி அமாவாசைக்கு வருவது சித்திரையில் வராது. ஊர்ப்பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்தால், பூட்டின கோயிலையும் மணல் மட்டும் ஓடுகிற ஆற்றையும் பார்த்துவிட்டு, ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதுவும் மோசமில்லை, ஆனால் அதற்கு வழிகாட்டி தேவையில்லை.

வட ஆற்காடு என்று நான் சொல்வது பழைய மாவட்டத்தை. 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. முனீஸ்வரனுக்கும் அங்காளம்மனுக்கும் இந்த எல்லைக்கோடுகள் தெரியாது என்பதால் நான்கையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் படி: பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள்

லீவு எப்போது கிடைக்கும் என்று பார்த்து டிக்கெட் போடாதீர்கள். வருடத்தில் நான்கு காலம் இருக்கிறது. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் லீவு கேளுங்கள்.

மாசியில் மகா சிவராத்திரியை ஒட்டி வரும் அமாவாசை, மயானக் கொள்ளை. பிரம்மாவின் ஐந்தாவது தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. பிச்சை விழும் சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிடும். அம்மன் மயானத்தில் சோற்றைச் சூறைவிட, ருசி கண்ட கபாலம் பொறுக்கித் தின்னக் கீழே இறங்கியது. அவள் விசுவரூபம் எடுத்து அதை மிதித்து அடக்கினாள். இதுதான் கதை. வேலூரில் சுற்று வட்டாரத்து அம்மன்களெல்லாம் அன்றைக்குப் பாலாற்றங்கரைக்கு வருவார்கள். காளி வேஷம் கட்டியவர்கள் எலுமிச்சம்பழ மாலையோடு ஆடிக்கொண்டு முன்னால் போவார்கள். கொழுக்கட்டை, சுண்டல், காய், சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்துக்கு மேல் பறக்கும். கையில் கிடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தால் காத்து கருப்பு அண்டாது என்பார்கள். எனக்கு ஒரு தடவை முழு முள்ளங்கி தலையில் விழுந்தது. தொப்பி போட்டுக்கொண்டு போங்கள்.

சித்திரை, வைகாசியில் பாரதக்கூத்து. இதைத் தனிப் படியாகவே கீழே சொல்கிறேன். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஜமதக்னி முனிவர் சொல்லைக் கேட்டுப் பரசுராமன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டினான். வரம் வாங்கி உயிர்ப்பிக்க ஓடியவன், அவசரத்தில் தாயின் தலையை வேறொருத்தி உடலில் பொருத்திவிட்டான். குடியாத்தத்தில் அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாக எடுத்துவந்து, கவுண்டன்யா ஆற்றங்கரைக் கோயிலில் உடலோடு பொருத்துவார்கள். பெரிய தலை, திறந்த கண்கள், மாலைக் குவியல், வழியெல்லாம் தேங்காய் உடைபடுகிற சத்தம். இதைப் பார்த்த பிறகு எங்கள் ஊர்க் கோயில்களில் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் ஏன் அம்மன் தலை மட்டும் இருக்கிறது என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

ஆடியில் படவேடு ரேணுகாம்பாள். வெள்ளிக்கிழமை போனால் கூட்டத்தில் கால் தரையில் படாது, செவ்வாய் புதனில் போங்கள். நான்காவது கார்த்திகை. விரிஞ்சிபுரமும் சோளிங்கரும் அந்த மாதத்தில்தான் சூடு பிடிக்கும்.

இரண்டாம் படி: கோட்டையிலிருந்து தொடங்குங்கள்

காட்பாடியில் ரயில் இறங்கினால் வேலூர்க் கோட்டைக்கு ஷேர் ஆட்டோ போதும். காலை ஏழரைக்கே போய்விடுங்கள். கருங்கல் சுவரில் வெயில் ஏறினால் அப்புறம் நிற்க முடியாது.

"தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று வேலூரைப் பழிக்க ஒரு சொலவடை உண்டு. இன்னும் இரண்டு உருப்படி உண்டு, அவற்றைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பெண்கள் சோறு போட மாட்டார்கள். இதில் "சாமி இல்லாத கோயில்" மட்டும் பொய்யாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்தது. ஆயுதக் கிடங்காகக்கூட இருந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து திரும்ப வைத்தார்கள். சாமி இல்லாத வருடங்களில் அந்த இடத்தைக் கடக்கவே பயம் என்று என் ஆயா சொல்வாள். "சாமி இருக்கற எடத்துல சாமி இல்லன்னா, வேற ஏதாவது வந்து உக்காந்துக்கும் இல்ல?" ஆயாவின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க இன்றுவரை என்னால் முடியவில்லை.

கோட்டையில் உலவும் ஆவிகளின் கதைக்கு அடியில் இருப்பது 1806, ஜூலை 10. புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்கும் தாடிக்கும் காதுக் கடுக்கனுக்கும் தடை என்று கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, போட்ட உத்தரவுகளில் கொதித்த சிப்பாய்கள் விடியற்காலை இருட்டில் எழுந்தார்கள். முந்தின நாள்தான் அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம். நூறுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்காரத் தளபதி குதிரைப்படையோடு வந்து சேர்ந்ததும் கதை திரும்பியது. அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சிப்பாய்களை வெளியே இழுத்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். செத்த சிப்பாய்களின் எண்ணிக்கை வெள்ளைக்காரர்களைவிடப் பல மடங்கு.

இதைத் தெரிந்துகொண்டு திப்பு மகால் பக்கம் நின்று பாருங்கள். என் சித்தப்பா சின்ன வயதில் கோட்டை மைதானத்தில் பந்து விளையாடி இருட்டினதும் வீட்டுக்கு ஓடி வருவாராம், குதிரைக் குளம்புச் சத்தம் துரத்துமாம். அவர் கேட்ட குளம்புச் சத்தம் எதிர்ப்பக்கத்துச் ஜட்கா வண்டியுடையதாக இருக்கலாம். ஆனால் அந்தச் சிறுவனுக்குக் குதிரை வந்த திசை தெரிந்திருந்தது: ஆற்காட்டு ரோடு.

கோட்டையைப் பற்றி வழிகாட்டிகள் இரண்டு கதை கட்டாயம் சொல்வார்கள். அகழியில் ஆயிரக்கணக்கில் முதலைகள் இருந்தன என்பது ஒன்று. கோட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கப் பாதை உண்டு என்பது இன்னொன்று. தொல்லியல் துறை தேடிப் பார்த்தும் அப்படியொரு பாதைக்குச் சான்று கிடைக்கவில்லை. அதனால் என்ன, எங்கள் ஊரில் சுரங்கத்துக்குள் பாதி தூரம் போய் வந்த தாத்தா இல்லாத குடும்பமே கிடையாது.

வெளியே வந்து மக்கான் சிக்னலில் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு, பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தைப் பகலிலேயே பார்த்துவிடுங்கள். சில வருடம் முன்பு ஒரு பயணக் குழுவோடு சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தலைக்கு ஆயிரத்து இருநூறு வாங்கிக்கொண்டு, நள்ளிரவில் சுவர் ஏறிக் குதிக்கச் சொன்னார்கள். பேய் வரவில்லை, ரோந்துக் காவலர் வந்தார். காலை வரை என் கணுக்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மூன்றாம் படி: பாலாற்றோடு நடங்கள்

ஆற்றங்கரையில் முத்து மண்டபம். இலங்கையில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816-இல் இங்கே கைதியாக வந்து, 1832-இல் இங்கேயே இறந்தார். ஊரைவிட்டு, மண்ணைவிட்டு, பதினாறு வருடம். பேய்க்கதை எதுவும் இங்கே நான் கேட்டதில்லை, ஆனாலும் சாயங்காலம் அங்கே உட்கார்ந்தால் நெஞ்சு கனக்கும்.

அடுத்து விரிஞ்சிபுரம், டவுன் பஸ் போதும். "விரிஞ்சிபுரம் மதிலழகு" என்று சும்மா சொல்லவில்லை. மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குள் நிழலை வைத்து மணி பார்க்கிற கல் ஒன்று இருக்கிறது, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிங்கத்தின் வாய் வழியாக இறங்குகிற சிம்ம தீர்த்தத்தையும் பாருங்கள். கார்த்திகைக் கடைசி ஞாயிறு நள்ளிரவில் குழந்தையில்லாத பெண்கள் அதில் முழுகி, ஈரப் புடவையோடே கோயிலில் படுத்துக்கொள்வார்கள். கனவில் பூவோ பழமோ கிடைத்தால் குழந்தை பிறக்கும் என்று நம்பிக்கை. காத்து கருப்பு பிடித்தவர்களையும் அழைத்து வருவார்கள். அன்றைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். பல வருடம் மனசுக்குள் அழுதவர்கள் அங்கே நனைந்து படுத்திருக்கிறார்கள்.

ராணிப்பேட்டை கிழக்கே. செஞ்சியின் தேசிங்கு ராஜன் 1714-இல் ஆற்காட்டு நவாபோடு போரிட்டு இளம் வயதில் செத்ததும், அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள், அவள் நினைவாகத்தான் இந்த ஊர்ப் பெயர் என்று கதை. தேசிங்கு கதை பம்பை உடுக்கையோடு பாடப்பட்ட கதை, குதிரைக்குக்கூட அதில் அழுகை உண்டு. பாலாற்றுக்கு அக்கரையில் ஆற்காட்டின் டெல்லி கேட். 1751-இல் கிளைவ் உள்ளேயிருந்து முற்றுகையைத் தாங்கின கோட்டையில் மிஞ்சியது கிட்டத்தட்ட அவ்வளவுதான். மக்கன் பேடா வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

நான்காம் படி: ஒரு முழு இரவு கூத்துக்கு

நாலு நாளில் ஒன்றுதான் முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா சித்திரை வைகாசியில் ஊருக்கு ஊர் நடக்கும். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. சுவரொட்டி பார்த்துக் கண்டுபிடியுங்கள். டீக்கடைச் சுவர், பஸ் ஸ்டாப்புச் சுவர், இந்த இரண்டும் தப்பாது.

மற்ற நாளைவிடக் கடைசி நாளுக்கு முந்தின இரவு போய், விடிந்ததும் படுகளம் பாருங்கள். மைதானத்தில் களிமண்ணால் துரியோதனன் மல்லாந்து கிடப்பான். முப்பது நாற்பது அடி இருப்பான், முறைத்த கண், முறுக்கு மீசை, தொடையில் சிவப்புச் சாயம் மறைத்து வைத்த இடம். இரவெல்லாம் ஆடிய இரண்டு கூத்தாடிகள், தோளில் புஜக்கட்டையும் தலையில் மரக் கிரீடமுமாக, வேர்வையில் அரிதாரம் வழிய, அந்த மண் உடம்பின் மேலேயும் சுற்றியும் ஓடுவார்கள். ஒருவர் பீமன், ஒருவர் துரியோதனன். முகவீணை வீறிடும், மத்தளம் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கும். பீமன் தொடையைப் பிளந்ததும் சாயம் பொங்கும். அந்த நிமிடத்தில் கூட்டத்தில் எங்கோ ஒரு பெண் அருள் வந்து "ஏய்" என்று கத்துவாள், பக்கத்திலிருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். திரௌபதி கூந்தலை முடிவாள். அது முடிந்ததும் இவ்வளவு நேரம் எதிரியாகக் கிடந்தவனை நோக்கி எல்லாரும் ஓடுவார்கள், ஒரு பிடி மண் எடுக்க. கழனியில் போட்டால் விளையும், நெல் குதிரில் போட்டால் குறையாது. சாயங்காலம் தீமிதி.

இதற்கு என்ன எடுத்துப்போக வேண்டும்: கோரைப்பாய், தண்ணீர், பிஸ்கட், ஒரு துண்டு. கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரன் உங்களைப் பார்த்துக் கிண்டல் செய்தால் சிரித்துவிட்டுக் காணிக்கையாக ஒரு ஐம்பது ரூபாய் கொடுங்கள், பெயர் சொல்லி வாழ்த்துவார்கள்.

ஐந்தாம் படி: சோளிங்கர், ஆனால் கவனமாக

யோக நரசிம்மர் பெரிய மலையில், யோக ஆஞ்சநேயர் சின்ன மலையில். பெரிய மலைக்கு ஆயிரத்து முந்நூறுக்கு மேல் படிகள். இப்போது ரோப் கார் இருக்கிறது. நரசிம்மர் கார்த்திகையில்தான் கண் திறக்கிறார் என்பது நம்பிக்கை. பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகிறவர்களைத் தக்கான் குளத்தில் முழுக வைத்து மலையேற்றுவார்கள். படியில் உங்களுக்கு முன்னால் ஒரு பெண் தலைவிரிகோலமாகச் சுழன்றுகொண்டிருக்கலாம். ஒதுங்கி வழி விடுங்கள், வீடியோ எடுக்காதீர்கள். அவளைக் கைப்பிடித்து அழைத்துவரும் அம்மாவிடம் "டாக்டர்கிட்ட காட்டினீங்களா" என்று கேட்கவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கும் போவார்கள், குளத்துக்கும் வருவார்கள். குரங்குகள் உண்டு, கையில் பழப் பை வேண்டாம்.

ஆறாம் படி: மலை ஏறுங்கள்

ஜவ்வாது மலைக்கு ஜமுனாமரத்தூர்தான் தங்கும் இடம். போளூரிலிருந்து பஸ் உண்டு. கீழ்ச்செப்பிலி பக்கம் மலை மேல் "குள்ளர் வீடு" என்று சொல்லும் கல்திட்டைகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கல், மேலே மூடு கல், முன்கல்லில் வட்டமாக ஒரு துளை. இரும்புக் காலத்து மக்கள் இறந்தவர்களுக்கு எழுப்பியவை என்கிறது தொல்லியல். அவ்வளவு சின்ன வாசலில் நுழையக் குள்ளர்களால்தானே முடியும் என்கிறது மலை. ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளாமல் போகாதீர்கள். பாதை புதருக்குள் காணாமல் போகும். அழைத்துப்போகிறவருக்கு நாள்கூலி பேசிக் கொடுங்கள், மதியச் சாப்பாடும் உங்கள் செலவு. உள்ளே தலையை விடாதீர்கள், பாம்புக்கும் அது நல்ல வீடுதான்.

மலையின் இன்னொரு பக்கம் காவலூர் வானாய்வகம். 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை அங்கே வைத்ததற்குக் காரணம் இருட்டு. அந்த இருட்டில் ஒரு ராத்திரி நின்றால் குள்ளர் கதை ஏன் இங்கே செழித்தது என்று புரியும்.

இறங்கும்போது செங்கம் பக்கம் வழியாக வர முடிந்தால் நடுகற்களைப் பாருங்கள். பல ஊரில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது எடுத்தனூர் நடுகல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏறக்குறைய 1,400 வருடம். மாட்டு மந்தையைக் காத்துச் செத்த வீரன் கையில் வில்லோடு நிற்கிறான், பக்கத்தில் ஒரு நாய். நாய்க்குப் பெயரும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று. செத்தவர்களை எங்கள் பக்கம் துரத்திவிடுவதில்லை, கல் நட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்கிறார்கள், நாயையும் சேர்த்து.

ஏழாம் படி: கேட்கத் தெரிய வேண்டும்

"தாத்தா, இங்க பேய் இருக்குதா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "அதெல்லாம் அந்தக் காலம்பா. இப்பதான் ஊரெல்லாம் லைட்டு போட்டுட்டாங்களே." கதை அதோடு முடிந்தது.

"தாத்தா, இந்த ஊருக்குக் காவல் யாரு?" என்று கேளுங்கள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார். அப்புறம் ஏரிக்கரை முனீஸ்வரன் வெள்ளைக் குதிரையில் சுற்றி வருவது, சுருட்டு வாசம் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டியது, எந்தப் புளியமரத்தில் யார் தலைமுடியை ஆணி வைத்து அடித்தார்கள், எல்லாம் வரிசையாக வரும். பாதியில் "அப்புறம் என்ன ஆச்சு" என்று அவசரப்படுத்தாதீர்கள். யார் செத்தார்கள் என்ற பேச்சு வரும்போது பெயரைக் கேட்காதீர்கள். அந்தக் குடும்பம் நாலு வீடு தள்ளித்தான் இருக்கும். சாதிச் சண்டையோ கௌரவமோ பின்னால் இருக்கும், அது உங்கள் போனில் பதிவாக வேண்டியதில்லை.

எட்டாம் படி: இருட்டினால்

ஆற்று மணலில் மணல் அள்ளிய பள்ளங்கள் உண்டு. கழனிக் கிணறு பாதிக்குக் கைப்பிடிச் சுவர் இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு மலையோரத்துக்கு ஆந்திரக் காட்டிலிருந்து யானை இறங்கி வரும். இவை மூன்றும் பேயைவிட நிச்சயம். டார்ச், மூடின செருப்பு, துணைக்கு ஊர்க்காரர் இல்லாமல் இரவில் எங்கேயும் போக வேண்டாம். ஏரியோரம் நெருப்பு எழும்பி அணைந்தால் அதற்குக் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர். சேற்றில் மக்கிய செடிகொடியின் வாயு எரிகிறது என்று பள்ளியில் சொல்லித் தந்தார்கள். இரண்டு விளக்கமும் முடிவில் ஒன்றைத்தான் சொல்கின்றன: அங்கே சேறு ஆழம், போகாதே.

கடைசிப் படி: வீட்டுக்குள் நுழைவதற்கு முன்

எங்கள் வீட்டில் இதற்கு விலக்கு கிடையாது. வாசலிலேயே கால் கழுவ வேண்டும், ஆயா கையில் உப்பும் காய்ந்த மிளகாயும் வைத்துக்கொண்டு நிற்பாள். தலையை மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போடுவாள். நெடி வரவில்லை என்றால் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, நெடி ஏறினால் ஒன்றும் இல்லை. போன வருடம் சித்தப்பா மகனோடு நாலு நாள் சுற்றிவிட்டு வந்தபோது நெடி தெருவரைக்கும் ஏறி, எதிர் வீட்டுக்காரர்கூட இருமினார்.

"ஒண்ணுமே வரலியாடா?" என்றாள் ஆயா. அவள் முகம் கொஞ்சம் வாடித்தான் போயிருந்தது.